மாமனார் சக்கரத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

நன்றாக உழைத்த சக்கரத்தைச் சரிசெய்யப் போகிறவனுக்கு நல்ல கதி கிடையாது. இது எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. என் முகத்தில் எழுதியிருக்கிறது போலிருக்கிறது. என் மாமனார் வீட்டில் யார் என்னைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் 'வாங்க' என்கிறார்கள்.

நான் மண்பாண்டம் செய்கிறவன். தென்காசியை ஒட்டிக் குத்துக்கல்வலசையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பிரியாணிச் சட்டி, டீ டம்ளர், தயிர்க் கிண்ணம், குற்றாலத்து விடுதிக்காரர்கள் கேட்கிற பூந்தொட்டி என்று கலந்து ஓடுகிறது பிழைப்பு. சக்கரம் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். சில பேர் பழைய புல்லட்டைப் பார்த்தால் ரோட்டிலேயே நின்றுவிடுவார்களே, அந்த ஜாதி. எங்கேயாவது ஒரு கொட்டகையில் நாள்பட்ட சக்கரம் ஓடுகிறது என்று கேள்விப்பட்டால் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். (என் மனைவி இதையெல்லாம் நான் கோயிலுக்குப் போன கணக்கில் சேர்த்துவிட்டாள்.)

நான் தொழில் பழகிய வெளியூர்ப் பட்டறையில் ஒரு மிதிச் சக்கரம் இருந்தது. கீழே கனமான கல் வட்டு. அதைக் காலால் உதைத்தால் மேலே பலகை சுற்றும். எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அவர் காலை எனக்கு நன்றாகத் தெரியும். கால் ஊன்றுகிற கட்டையில் அவர் குதிகால் அழுந்தி அழுந்தி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. வந்த புதிதில் என் கால் அதில் உட்காரவில்லை. வழுக்கும், இடிக்கும், நானும் திட்டுவேன். பிறகு ஒரு நாள் குனிந்து பார்க்கிறேன், என் குதிகால் அந்தப் பள்ளத்தில் அச்சு வார்த்த மாதிரி பொருந்திக் கிடக்கிறது. எப்போது பொருந்தியது என்று எனக்கே தெரியவில்லை. அடேயப்பா! யாரோ ஒரு மனுஷன், போகும்போது தன் காலை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு வேலை ஓடவில்லை. சும்மா உட்கார்ந்து உதைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது என் பட்டறையில் ஓடுகிற மோட்டார்ச் சக்கரத்துக்கும் வயதாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் உடனே கிளம்பாது. பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டு தட்ட வேண்டும். அதுவும் நான் தட்ட வேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் தட்டினால் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இத்தனையும் தெரிந்த மகராசன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதுதான் இதில் விசேஷம்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாலேயே விருந்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மாமனார் ஊர் செங்கோட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது. (ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் சாப்பாடு உண்டு.) சீசன் உச்சத்தில் இருந்தது. காற்றும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. துவைத்துப் போட்ட சட்டை கொடியிலேயே பொங்கல் வரைக்கும் தொங்கும் போலிருந்தது.

மாமாவும் என்னைப் போலவே பானை வனைகிறவர். மன்னிக்கவும், நான்தான் அவரைப் போல என்று சொல்ல வேண்டும், அதுவும் அரைகுறையாக. பேச்சு மிகவும் கம்மி. அதையும் சேர்த்து அத்தை பேசிவிடுவாள். என் மனைவி பேச்சியம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில். தேவைப்பட்டால் மட்டும் வாயைத் திறப்பாள், திறந்தால் நாம் வாயை மூடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அந்த வீட்டில் எனக்கு ஒரு எதிரி இருந்தார். எதிரில் இல்லை, வீடு முழுக்க இருந்தார். அவர்தான் மூத்த மாப்பிள்ளை, என் சகலை. மில்லில் எலக்ட்ரீசியன். அவர் கை வைத்தால் எதுவும் ஓடும். மிக்சி ஓடினால், "இது மூத்த மாப்ளே சரிபண்ணுனது" என்பாள் அத்தை. ஃபேன் சுற்றினால், "மூத்த மாப்ளே வந்து பாத்தாரு, அன்னைலேர்ந்து காத்து பிச்சிக்கிட்டுப் போவுது" என்பாள். குழாயில் தண்ணீர் வந்தால்கூட அவர் ஞாபகம் அவளுக்கு வந்துவிடும். நான் அந்த வீட்டில் சாதித்தது இட்லி சாப்பிட்டது ஒன்றுதான். என்னைக் காட்டி, "சின்ன மாப்ளே எதுக்கும் வம்புதும்புக்குப் போவ மாட்டாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். என்னத்தையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தேடிச் சொல்லுகிற தொனி. புது மாப்பிள்ளைக்கு எவ்வளவு எரியும்!

ஏதாவது ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சண்டாளன், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிச் சுற்றி வந்தவன் பின்னால் கொட்டகைக்குப் போனேன். மாமா சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சக்கரத்தைச் சொல்ல வேண்டும். வண்டிச் சக்கரம் அளவு இருக்கும். உள்ளே மரச் சட்டங்கள். விளிம்பு முழுக்க மண்ணும் தேங்காய் நாரும் பிசைந்து தடிமனாகப் பூசியது. நடுவில் மண்ணை வைக்கிற பலகை, கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசின மாதிரி மின்னும். அடியில் கருங்கல்லில் ஒரு முளை. அதன் மேல்தான் அத்தனை கனமும் நிற்கிறது. விளிம்பில் இருக்கிற குழியில் ஒரு கம்பை விட்டு மாமா நாலு சுற்றுச் சுற்றிவிட்டார் என்றால், கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு பானையை எடுத்து முடிக்கிறவரைக்கும் அது பாட்டுக்குச் சுற்றும். கரண்டு இல்லை, பெல்ட்டு இல்லை. அதன் கனம்தான் அதற்குக் கரண்டு.

ஆனால் ஆடியது. நன்றாகவே ஆடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, 'கிர்ர்... டொக்' என்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் யாரோ அவசரத்தில் அப்பின மாதிரி ஒரு மண் கட்டி புடைத்துக்கொண்டு நின்றது. என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அந்த ஆட்டத்தின் மேல் மாமா கையில் பானை சூரியகாந்திப் பூ மாதிரி வட்டமாக விரிந்துகொண்டிருந்ததே, அது தெரியவில்லை. (கண் இருந்து என்ன பிரயோஜனம்!)

"மாமா, சக்கரம் ஆடுதே?" என்றேன்.

"ஆங்... அது அப்படித்தான் மாப்ளே" என்றார்.

இதற்கு மேல் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவார்? ஆனால் என் காதில் என்னவோ, 'இதைச் சரிபண்ண ஆளில்லாமல் தவிக்கிறேன்' என்று விழுந்தது.

அந்த ஊர் அம்மன் கோயிலில் ஆடியில் கொடைத் திருவிழா. கொடையன்று மஞ்சள் நீராட்டுக்குச் சாமியாடி தலையில் கவிழ்த்துக்கொள்கிற மஞ்சள் தண்ணீர்ப் பானைகள் மாமா வீட்டிலிருந்துதான் போகும். வேறு யார் வீட்டுப் பானையும் ஏறியதில்லை. ஊரில் அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற மரியாதையே அந்தப் பானைகள்தான். சாரல் காலம் என்பதால் பானை காய நாளாகும். ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் ஈரம் வற்றாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் வேலை தொடங்குகிற நாளை மாமா அப்படி இப்படி நகர்த்தவே மாட்டார். தொடங்குகிற அன்று காலையில் குடும்பத்தோடு குற்றாலம் போய் அருவியில் தலை நனைத்து வந்துதான் அந்த மண்ணைத் தொடுவார்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே அந்த நாள்.

"மாப்ளைக்குத் தடுமன் பிடிச்சிருக்கு. அருவியில நின்னா காய்ச்சல்ல கொண்டு விட்டுரும். அவரு இங்கனயே இருக்கட்டும்" என்றாள் அத்தை. நான் இரண்டு தும்மல் அதிகமாகவே போட்டேன். லோடு ஆட்டோ தெருமுனையைத் தாண்டியதுதான் தாமதம், தடுமன் பறந்துவிட்டது.

கொட்டகைக்குப் போய் வேட்டியை மடித்துக் கட்டினேன். சக்கரத்தைப் புரட்டிச் சாய்த்து வைக்கவே நாக்குத் தள்ளிவிட்டது. அடியில் முளை உட்காருகிற குழி தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. பித்தளைத் தகடு ஒன்றை வெட்டி வளைத்து உள்ளே செருகிச் சிக்கென்று ஆக்கினேன். பல வருஷத்து விளக்கெண்ணெய் பிசினாகப் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, பளபளவென்று கிரீஸ் வைத்தேன். விளிம்பில் புடைத்து நின்ற கட்டியை உளியால் செதுக்கி எடுத்து, மண் ஊறுகிற குழியில் எறிந்தேன். 'தொளுக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு அப்போது இனிமையாக இருந்தது. கட்டி இருந்த தடமே தெரியாமல் விளிம்பைப் பூசி மெழுகினேன். கடைசியில் செல்போனில் ரசமட்ட ஆப்பைத் திறந்து பலகையின் மேல் வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது.

சுற்றிவிட்டேன். அட அட அட! ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வழுவழுவென்று ஓடியது. எனக்கு என் கையை எடுத்து நானே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று இருந்தது. வீடியோ எடுத்து, 'மாமா வீட்டுச் சக்கரம், சரியாக்கப்பட்டது' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். உடனே சகலையிடமிருந்து கட்டைவிரல் ஒன்று வந்தது. அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். (சரியாக்குவதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுக்க எனக்குத் தோன்றவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மத்தியானம் ஈரத் தலையோடு எல்லோரும் வந்து இறங்கினார்கள். மாமா திருநீறு பூசிக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தார். மண்ணை வைத்தார். கம்பை எடுத்துச் சுற்றினார்.

சக்கரம் ஊமையாகச் சுற்றியது.

மாமா கம்பை வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்து, "சும்மாதான் இருந்தேன் மாமா. அதான் சரியாக்கிட்டேன்" என்றேன்.

முதல் ஆடிக்கு வந்த மாப்பிள்ளையை என்ன சொல்லுவார்? மெல்லத் தலையை ஆட்டிவிட்டு மண்ணில் கையை வைத்தார்.

அதற்குள் அத்தை கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க, சக்கரம் சத்தத்தையே காணோம்? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல" என்றார் மாமா. பானையின் வாய் அப்போதுதான் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது.

அதை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்ததும் சரிந்தது. அதற்கடுத்ததும் அதே பக்கம். வயிறு சரியாக வரும், கழுத்து சரியாக வரும், வாய் மட்டும் ஒரு பக்கம் தொங்கும். பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பானைகளைப் பார்த்தால், எல்லாம் சேர்ந்து பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற மாதிரி இருந்தது. அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பானையின் அடியைத் தட்டி உருட்டுவது அவள் வேலை. "அடி கோணலா இருந்தா தட்டி நிமித்திப்புடுவேன். வாய எங்கிட்டுப் போட்டுத் தட்ட?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும், குறிப்பிட்ட ஒரு இடம் வரும்போது, அவர் இடது கை ஒரு நூலளவு பின்வாங்கி, திரும்ப முன்னால் வந்தது. சக்கரம் சாய்கிற இடத்தில் கையும் சாய்ந்து கொடுத்திருக்கிறது, இத்தனை வருஷமாக. இப்போது சாய்கிற சக்கரம் இல்லை. கை மட்டும் சாய்ந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. "கைய நிறுத்திப் பாக்கேன் மாப்ளே, நிக்க மாட்டேங்கு" என்றார், யாரோ வேறொருவர் கையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி.

அம்மாடி! என்ன காரியம் செய்துவிட்டேன்! ஆனால் அந்த நேரத்திலும் ஒரு பக்கம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆடுகிற ஒரு பொருளின் மேல் ஆடாத வட்டத்தை அந்தக் கை வாழ்நாள் முழுக்க எடுத்திருக்கிறது! நான் சரியாக்கியது பாதியைத்தான். மீதிப் பாதி மாமாவின் தோளில் இருக்கிறது. அதை எந்த ரசமட்டத்தை வைத்துச் சரியாக்குவது?

ஒரு வாரம் உட்கார்ந்தால் அவர் கை மாறிவிடும். அந்த ஒரு வாரம்தான் எங்களிடம் இல்லை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாய் கோணின பானையை அம்மனுக்குக் கொடுக்க முடியாது. பானை கொடுக்காவிட்டால் கோயிலில் வேறு இடத்தில் வாங்குவார்கள். சின்ன மாப்பிள்ளை வந்த வருஷம் கொடைக்குப் பானை நின்றுபோனது என்று ஊர் காலத்துக்கும் பேசும்.

"நான் செஞ்சு தாரேன் மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தேன். சக்கரம்தான் என் பேச்சைக் கேட்குமே! சரசரவென்று எடுத்தேன். மெல்லிசாக, வழவழவென்று, உதட்டை அழகாக வெளியே மடித்து, பழக்க தோஷத்தில் அடியைத் தட்டையாக அறுத்து வரிசையாக வைத்தேன். கோயில் காரியங்களைப் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் பானை வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். கொடையில் சாமியாடுகிறவரும் அவரேதான். ஆள் ஆறடிக்கு இருப்பார், மீசையே தனியாக ஒரு அடி. என் பானைகளைக் குனிந்து பார்த்தார். ஒன்றின் உதட்டை விரலால் தடவினார்.

"வேளாரே, இது யாரு வேல?" என்று மாமாவைக் கேட்டார்.

"நான்தான் அண்ணாச்சி" என்றேன்.

"நல்லாத்தான் மாப்ளே இருக்கு. ஆனா இது அம்மனுக்கு மஞ்சத்தண்ணி வைக்கவா, ஓட்டல்ல சாம்பார் ஊத்தி வைக்கவா?" என்றார். "அடி உருண்டையால்லா இருக்கணும்? இவ்வளவு மெல்லிசா இருந்தா எந்தலையில பட்டு ஒடைஞ்சிரும். வேளாரு கைப்பானைதான் வரணும், ஆமா."

அவர் போனதும் வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தை மிக்சியைப் போட்டாள். அது நன்றாக ஓடியது. அன்றைக்கு அவள் மூத்த மாப்பிள்ளை பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பேச்சிதான் கொட்டகைக்கு வந்து என் முன்னால் இடுப்பில் கையை வைத்து நின்றாள். "பழையபடி கெடுத்து வைங்க" என்றாள்.

சொல்லுவது சுலபம். ஒரு பொருளைச் சரியாக்க ஒரு வழிதான் இருக்கும். கெடுக்க ஆயிரம் வழி. அதில் மாமாவின் கைக்குத் தெரிந்த வழி எது? தகட்டை உருவினேன். கிரீஸைத் துடைத்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றினேன். சக்கரம் ஆடியது. மாமா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆட்டம்" என்றார்.

"வெளிம்புல ஒரு கட்டி இருந்துச்சே, அது எங்க?" என்றாள் பேச்சி.

நான் மண் குழியைக் காட்டினேன். அது கரைந்து மண்ணோடு மண்ணாகி ஒரு நாள் ஆகியிருந்தது.

"நீ கைக்கொழந்தையா இருக்கையில கன்னுக்குட்டி மிதிச்சு வெளிம்பு ஒடஞ்சிது. அள்ளி அப்பினேன்" என்றார் மாமா. "அப்பின கையோட வேலைக்கு உக்காந்துட்டேன். பெறவு எடுக்கவே இல்ல."

எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு கனம், யாருக்கும் தெரியாது. போட்டுப் பார்க்க வீடியோவும் இல்லை. மாமாவின் கைக்குத் தெரியும். ஆனால் கைக்கு வாய் கிடையாதே. நான் ஒரு கட்டியை அப்பினேன். "இல்ல" என்றார். தள்ளி அப்பினேன். "இல்ல." பெரிதாக்கினேன். "மாப்ளே, நீங்க கொஞ்சம் வெளியில காத்தாட இருங்களேன்" என்றார். இவ்வளவு கோபமாக அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் நகராததால் அவரே எழுந்து வெளியே போய்விட்டார்.

பேச்சி ஒரு முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள்.

"இப்பச் சுத்துங்க. நான் பாக்க மாட்டேன். பாத்தா எனக்குக் கேக்காது."

சுற்றினேன்.

"இது காலு நொண்டுது. அப்பா சக்கரம் நொண்டாது, தலைதான் ஆட்டும். கட்டிய அந்தப் பக்கமா தள்ளுங்க."

தள்ளிச் சுற்றினேன்.

"இப்பம் கிர்ருங்கு, உடனே டொக்குங்கு. அப்படி இருக்காது. கிர்ருன்னு வந்து, ஒரு மூச்சு நின்னு, அதுக்குப் பெறவுதான் டொக்கு வரும். கொஞ்சம் மண்ண எடுங்க... ரொம்ப எடுத்துட்டிய."

நான் மண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் தூங்கியதும் விழித்ததும் அந்தச் சத்தத்துக்குத்தான். வீட்டுப்பாடம் எழுதியது, காய்ச்சலில் கிடந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் அது ஓடியிருக்கிறது. எனக்குத் தட்டுப்படாத ஒரு இழை அவள் காதில் பிரிந்து பிரிந்து விழுந்தது. என் மனைவியை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவும் முதுகை.

ஒரு தடவை சுற்றினேன். முறத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. அடுப்படியில் அத்தை எதையோ கிண்டிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. மாமா வெளியே வேப்பமரத்தடியில் ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தவர், யாரும் கூப்பிடாமலே எழுந்து உள்ளே வந்தார்.

கிர்ர்... டொக். கிர்ர்... டொக்.

அவர் உட்கார்ந்து மண்ணில் கையை வைத்தார். வாய் வட்டமாக, நேராக, பூரண நிலா மாதிரி எழும்பி வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (தடுமன் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தத் தடுமன் எனக்கு ரொம்ப உபயோகப்பட்டது.)

பானைகள் முடிந்தன. அத்தை தட்டி உருட்டினாள். நானும் பேச்சியும் புகை மூட்டம் போட்டு, சாரலுக்குத் தார்ப்பாய் கட்டி, குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக் காயவைத்தோம். சூளையும் வைத்தாயிற்று. பிரித்துப் பார்த்தால் கோயில் பானையில் ஒன்று கீறல் விட்டிருந்தது. மாமாவுக்கு முகம் செத்துவிட்டது.

இங்கேதான் அத்தை ஒரு வேலை செய்தாள். அந்த வாய் கோணின பானைகளை அவள் மண்ணில் கரைக்கவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும் என்று எல்லாவற்றோடும் சேர்த்துச் சூளையில் அடுக்கியிருந்தாள். அதில் ஒன்றை எடுத்து மஞ்சள் பூசி, நூல் சுற்றி, கோயிலுக்குப் போகிற பானைகளோடு சேர்த்துவிட்டாள். கோயிலில் வரிசையாக வைத்தபோது கோணல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். எனக்கும் பேச்சிக்கும் மட்டும்தான் தெரியும். மாமாவிடம் யாரும் மூச்சு விடவில்லை.

மஞ்சள் நீராட்டு நேரம். மேளம் உச்சத்துக்கு ஏறியது. அண்ணாச்சிக்குச் சாமி வந்துவிட்டது. கண்ணைச் செருகிக்கொண்டு, மீசை துடிக்க, பானை வரிசைக்கு வந்தார். முதல் பானையைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். அத்தை என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அண்ணாச்சி நேரே போய்ச் சுவரோரமாக இருந்த அந்த ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினார். மாமா அப்போதுதான் அந்த வாயைப் பார்த்தார். கோயில் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

அண்ணாச்சி பானையைத் தலைக்கு மேல் சாய்த்தார். வட்டமான வாயென்றால் தண்ணீர் பரந்து முதுகிலும் தோளிலுமாகச் சிதறும். இது, தொங்கின வாய் வழியாக ஒரே தாரையாக, ஒரு சொட்டு சிதறாமல், உச்சந்தலையில் நேராக இறங்கியது. ஐந்தருவியில் ஒரு கிளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் தலையில் விட்ட மாதிரி இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் சாமி கீமி என்று அதிகம் போகிறவன் இல்லை. அன்றைக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. (பயத்திலும் கூப்பலாம்.)

கொடை முடிந்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

"வேளாரே, அம்மன் கேட்டு வாங்குன பானைய்யா அது" என்றார். "வர்ற வருசம் எல்லாமே அந்த மாதிரி வாய் சாஞ்சதா இருக்கட்டும்."

அடுத்த ஆடி வந்தது. மாமா சக்கரத்தில் உட்கார்ந்து வாயைக் கோணலாக்கிப் பார்த்தார். வரவில்லை. விரலால் இழுத்துப் பார்த்தார், கிழிந்தது. அந்தச் சக்கரத்தில் அந்தக் கைக்கு நேராகத்தான் வரும். வேண்டுமென்று ஒரு பானையைக் கோணலாக்க அவரால் முடியவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாமா எனக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, சக்கரத்த... ஒரு நாளைக்கு... அன்னைக்கு மாதிரி..." என்று இழுத்தார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் நானும் பேச்சியும் சேர்ந்துதான் போகிறோம். முதலில் நான் போய்ச் சக்கரத்தைச் சுத்தமாகச் சரியாக்குவேன். மாமா கோணல் பானைகளை எடுத்து முடிப்பார். பிறகு பேச்சி முறத்தோடு சுவரைப் பார்க்க உட்காருவாள். நான் கட்டியை அப்பிப் பழையபடி கெடுத்து வைப்பேன். அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காவிட்டால்கூட, "இவரு கையில குடுத்துராதிய, சரியாக்கிருவாரு" என்று பேச்சி மறைத்து வைக்கிறாள்.

போன ஆடிக்குச் சகலையும் வந்திருந்தார். டூல்ஸ் பெட்டியோடு கொட்டகைக்குள் நுழைந்து, "எதுக்கு மாமா வருசா வருசம் சகலைய அலைய விடுதிய? நான் ஒரு நிமிசத்துல பண்ணிருதேன்" என்றார்.

மாமா அவசரமாக எழுந்து, இரண்டு கையையும் விரித்துச் சக்கரத்தை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க தொடாதிய மாப்ளே. நீங்க கை வச்சா எதுவும் நல்லாயிரும். எனக்குப் பானை கெடணும். அதுக்குச் சின்ன மாப்ளேதான் சரி."

அடுப்படியில் அத்தை சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே வேலை அது. அதையும் இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?